ஆறாம் வகுப்புக்கு ஒரு மேலுரம்

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த நேரத்தில் பயிருக்கு எந்த உரம், எந்த நாளில், எவ்வளவு என்று பேசுவேன். இன்றைக்குப் பேசப் போவதும் ஒருவகையில் அதே கணக்குத்தான். ஆனால் பயிர் வேறு. வீட்டில் வளர்கிற பிள்ளைதான் இன்றைய பயிர்.

ஏழைக் குடும்பத்துப் பிள்ளை படிக்க வேண்டும், நோய் நொடி இல்லாமல் வளர வேண்டும் என்று ஓர் அரசாங்கம் பணம் கொடுக்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யார் கையில் கொடுப்பது? எந்த வயதில் கொடுப்பது? எவ்வளவு கொடுப்பது? கொடுத்த பணம் பிள்ளைக்குத்தான் போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்த நாலு கேள்விக்கும் ஒரு விவசாய நாடு சோதனை போட்டே விடை தேடியிருக்கிறது. அந்த நாடு மெக்சிகோ. அங்கே 1997-ல் தொடங்கிய ஒரு திட்டத்தைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

மெக்சிகோ விவசாயி

மெக்சிகோ வட அமெரிக்கக் கண்டத்தில் உள்ள நாடு. நாம் இன்று கோழித் தீவனத்துக்குப் பயிர் செய்கிறோமே, அந்த மக்காச்சோளத்தின் பிறப்பிடமே அதுதான். அங்கே மலைச்சரிவுகளில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள் மழையை நம்பி மக்காச்சோளம் விதைக்கின்றன. அதோடு அவரை இனத்தைச் சேர்ந்த பீன்ஸைக் கொடியாக ஏற்றி விடுவார்கள். தரையில் பூசணி படரும். இந்தக் கலப்புப் பயிருக்கு மில்பா என்று பெயர். விளைவதில் பெரும்பகுதி வீட்டு அடுப்புக்கே போய்விடும். மழை தவறினால் ஆண்கள் நகரத்துக்குக் கூலிக்குப் போவார்கள். நம் மானாவாரிப் பகுதி மக்களுக்கு இதையெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை.

1994 டிசம்பரில் மெக்சிகோவின் பணமாகிய பெசோ மதிப்பிழந்து விழுந்தது. 1995-ல் நாட்டின் மொத்த உற்பத்தி நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் சுருங்கிப் போயிற்று. அந்த அடி ஏழைகள் மேல்தான் பலமாக விழுந்தது.

அரசாங்கம் அதற்கு முன்பும் சும்மா இருக்கவில்லை. மக்காச்சோள ரொட்டிக்கும் பாலுக்கும் மானியம் கொடுத்து வந்தது. ஆனால் அந்த மானிய ரொட்டியைக் கடையில் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நகரத்து மக்கள். தானே விளைவித்து, தானே அரைத்து, தானே ரொட்டி சுட்டுத் தின்கிற மலைக் கிராமத்துக்காரருக்கு அதில் என்ன கிடைக்கும்? 1994-ல் புரோகாம்போ என்று இன்னொரு திட்டமும் வந்தது. அது விதைத்த நிலத்துக்கு ஹெக்டேர் கணக்கில் பணம் கொடுத்தது. நிலம் உள்ளவருக்குச் சரி. நிலமே இல்லாத கூலிக் குடும்பத்துக்கு ஹெக்டேருக்கு எங்கே போவது?

ரொட்டிக்கும் பணம் கொடுத்தாயிற்று, நிலத்துக்கும் கொடுத்தாயிற்று. நடுவிலே பிள்ளை விடுபட்டுப் போயிற்று. இதைக் கவனித்தவர்கள் இருவர். ஒருவர் நிதித் துறையில் துணை அமைச்சராக இருந்த பொருளாதார நிபுணர் சாந்தியாகோ லெவி. மற்றவர் மக்கள் தொகைக் கணக்கு நிபுணர் ஹோசே கோமெஸ் தெ லெயோன். அதிபர் எர்னெஸ்டோ செடீயோ ஆட்சியில், 1997 ஆகஸ்டில், புரோகிரேசா என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. கல்வி, மருத்துவம், உணவு மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டிக் கொடுக்கும் திட்டம் அது.

பிள்ளை எங்கே நின்று போகிறது?

பயிர் எந்தக் கட்டத்தில் வாடுகிறது என்று பார்க்காமல் உரம் போட்டால் காசுதான் நஷ்டம். அங்கேயும் முதலில் அதைத்தான் பார்த்தார்கள்.

மெக்சிகோ கிராமங்களில் ஆரம்பப் பள்ளி ஆறாம் வகுப்பு வரை. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகளுக்கு மேல் ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருந்தார்கள். பள்ளி ஊரிலேயே இருக்கிறது, பிள்ளையும் சிறிசு, வேலைக்கு அனுப்ப முடியாது. ஆகவே போகும். சிக்கல் ஆறாம் வகுப்பு முடிகிற அன்றைக்கு வருகிறது. ஏழாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போக வேண்டும். அது பல ஊர்களில் நடந்தால் தூரம், வண்டியில் போனால் செலவு. 1968 முதல் தொலைக்காட்சி வழியாகப் பாடம் நடத்தும் கிராமத்து நடுநிலைப் பள்ளிகள் அங்கே உண்டு. அவை இருந்தும் எல்லா ஊருக்கும் பள்ளி எட்டவில்லை.

அதோடு அந்த வயதில் பிள்ளைக்கு உடம்பில் வலு வந்துவிடுகிறது. பையன் வயலுக்கு ஆவான். பெண் தண்ணீர் எடுக்க, தம்பி தங்கையைப் பார்க்க, அடுப்பைக் கவனிக்க ஆவாள். "எழுதப் படிக்கத் தெரிஞ்சாச்சு, போதும்" என்கிற பேச்சு வந்துவிடும். இந்தப் பேச்சு மெக்சிகோவில் மட்டும்தான் கேட்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள். ஏழைக் குடும்பங்களில் ஆறாம் வகுப்பு முடித்த 100 பிள்ளைகளில் 58 பேர்தான் மேற்கொண்டு படிக்கப் போனார்கள்.

தகப்பனைக் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளிக்கு அனுப்பினால் இரண்டு செலவு. ஒன்று, புத்தகம், துணி, வண்டிச் சத்தம். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத செலவு: அந்தப் பிள்ளை கொண்டு வந்திருக்கக் கூடிய கூலி. முதல் செலவைவிட இரண்டாவதுதான் பெரிது. "படிக்க வையுங்கள்" என்று வாயால் சொன்னால் போதாது. அந்தக் கூலியில் ஒரு பங்கையாவது ஈடுகட்ட வேண்டும் என்று திட்டம் போட்டவர்கள் கண்டுகொண்டார்கள்.

எவ்வளவு கொடுத்தார்கள்?

1998-ன் பிற்பாதியில் இருந்த தொகைகளைச் சொல்கிறேன். அன்று ஒரு பெசோ நம் பணத்தில் நாலு ரூபாய்க்குச் சற்று மேல். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மாதம் 70 பெசோ. நாலாம் வகுப்புக்கு 80. ஐந்தாம் வகுப்புக்கு 105. ஆறாம் வகுப்புக்கு 135. அடுத்த படியைப் பாருங்கள். ஏழாம் வகுப்புக்குப் பையனுக்கு 200, பெண்ணுக்கு 210. எட்டாம் வகுப்புக்குப் பையனுக்கு 210, பெண்ணுக்கு 235. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பெண்ணுக்கு 255.

இதிலே இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பிள்ளை வளர வளரத் தொகையும் வளர்கிறது. ஆறிலிருந்து ஏழுக்குப் போகையில் ஒரேயடியாக ஏறுகிறது. பிள்ளை விழுகிற இடம் அதுதானே? அடியுரம் கொஞ்சம், பயிர் தூக்கிப் பிடிக்கிற பருவத்தில் மேலுரம் தாராளம். நெல்லுக்குக் கதிர் உருவாகிற சமயம் பார்த்து யூரியா போடுகிறோமே, அதே கணக்கு.

இரண்டாவது, ஏழாம் வகுப்பிலிருந்து பெண்ணுக்குக் கூடுதல். பெண் பிள்ளையைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள் என்பதால் அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகம் போட்டார்கள். வித்தியாசம் பெரிய தொகையல்ல. ஆனால் பெண் படிப்புக்கு அரசாங்கமே விலை கூட்டி வைத்திருக்கிறது என்ற செய்தி வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது.

படிப்பு உதவி பள்ளி நடக்கும் பத்து மாதத்துக்கு மட்டும். இதைத் தவிர, உணவுக்கென்று குடும்பத்துக்கு மாதம் 100 பெசோ அளவில் ஒரு தொகை. இது தலைக்கு இத்தனை என்ற கணக்கில் வராது, குடும்பத்துக்கு ஒன்று. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கைக்குழந்தைகளுக்கும் சத்து மாவு. ஒரு குடும்பத்துக்கு மொத்தம் இவ்வளவுதான் என்று உச்ச வரம்பும் வைத்தார்கள்.

யார் கையில் கொடுத்தார்கள்?

தாயின் கையில். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, தாய் பேரில். முதலில் தந்தி அலுவலகத்தார் நடத்திய பட்டுவாடா இடங்களில் ரொக்கமாக. பின்னாளில் அரசு வங்கிக் கணக்கு வழியாக.

இது அன்று பெரிய பேச்சாக இருந்தது. "குடும்பத் தலைவன் நான் இருக்க, அவள் கையில் பணமா? வீட்டில் சண்டைதான் வரும்" என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் வீட்டில் அரிசி தீர்ந்தது, பிள்ளை இருமுகிறது, சட்டை கிழிந்தது என்று முதலில் தெரிவது யாருக்கு? தாய்க்கு. ஆகவே அந்தக் கைக்குப் பணம் போனால் அது பிள்ளைக்குப் போகும் என்று நினைத்தார்கள்.

பிறகு ஆராய்ந்தவர்கள் கண்டது இது. அஞ்சிய அளவுக்குச் சண்டை பெருகவில்லை. திட்டத்தில் இருந்த பெண்கள் அடிபடுவது குறைந்திருந்தது என்று ஓர் ஆய்வு சொல்கிறது. ஆனால் அதே ஆய்வு, அடிப்பேன் என்று மிரட்டுவது சில வீடுகளில் கூடியிருந்தது என்றும் சொல்கிறது. நல்லது மட்டும் நடந்தது என்று சொல்லி நான் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை.

சும்மா கொடுக்கவில்லை

பணத்தோடு கூடவே கடமையும் இருந்தது. பிள்ளை பள்ளி நாட்களில் நூற்றுக்கு 85 நாளாவது வந்திருக்க வேண்டும். அங்கே வருஷத்துக்கு 200 பள்ளி நாள். அப்படியானால் முப்பது நாளுக்கு மேல் நின்றால் உதவி நிற்கும். ஒரே வகுப்பில் இரண்டு முறை தவறினாலும் நிற்கும். குழந்தைகளை மருத்துவ நிலையத்துக்குக் குறித்த நாளில் கூட்டிப் போய் எடை பார்த்து, தடுப்பூசி போட வேண்டும். கர்ப்பிணி பரிசோதனைக்குப் போக வேண்டும். தாய் சுகாதாரக் கூட்டத்துக்கு வர வேண்டும். வருகையை ஆசிரியரும் மருத்துவ நிலையத்தாரும் படிவத்தில் எழுதி அனுப்புவார்கள். அதன்படி பணம் வரும்.

ஒப்பீட்டுத் திடல் போட்டார்கள்

இனி நான் சொல்லப் போவது, என்னைப் போன்ற விரிவாக்கத் துறைக்காரனுக்கு மிகவும் பிடித்த பகுதி.

புது ரக விதை வந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஒரே வயலில் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் பழைய ரகமும் புது ரகமும் போடுகிறோம். ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே உழவு. அறுவடையில் எடை போட்டுப் பார்க்கிறோம். எந்தப் பாத்திக்கு எந்த விதை என்பதை ஆள் பார்த்துத் தேர்ந்தால் நல்ல மண்ணுள்ள பாத்தியைப் புது ரகத்துக்கு ஒதுக்கிவிடுவான். ஆகவே சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். 1920-களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையில் ஆர்.ஏ. ஃபிஷர் என்ற கணித அறிஞர் வகுத்துக் கொடுத்த முறை இது.

மெக்சிகோக்காரர்கள் இதே முறையைக் கிராமங்களுக்குச் செய்தார்கள். எல்லா ஊருக்கும் ஒரே நாளில் திட்டத்தைக் கொண்டுபோக அரசாங்கத்திடம் பணம் இல்லை. எப்படியும் சில ஊர் முந்தும், சில ஊர் பிந்தும். சரி, எது முந்துவது என்பதைச் சீட்டுப் போலக் குலுக்கித் தீர்மானிப்போம் என்றார்கள். குவெரேரோ, இடால்கோ, பூவெப்லா, வேராக்ரூஸ் முதலிய ஏழு மாநிலங்களில் 506 ஏழைக் கிராமங்களை எடுத்தார்கள். அதில் 320 ஊருக்கு 1998-ல் பணம் தொடங்கியது. மற்ற 186 ஊருக்கு 1999 கடைசியில்தான் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் இருவகை ஊரிலும் சுமார் 24,000 குடும்பங்களைத் திரும்பத் திரும்பப் போய்க் கணக்கெடுத்தார்கள்.

என்ன விளைந்தது?

ஆரம்பப் பள்ளியில் பெரிய மாறுதல் இல்லை. ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த பிள்ளைகள்தானே. ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளைகளிடம்தான் விளைச்சல் தெரிந்தது. 100-க்கு 58 பேர் என்று இருந்த இடத்தில் 11 பேர் கூடி 69 ஆனார்கள். பெண் பிள்ளைகளைத் தனியாகப் பார்த்தால் 100-க்கு ஏறத்தாழ 15 பேர் கூடியிருந்தார்கள். பையன்களில் ஆறேழு பேர். சிறு பிள்ளைகள் வேலைக்குப் போவது குறைந்தது.

கைக்குழந்தைகளைப் பார்த்தார்கள். நோய்வாய்ப்படுவதும் சோகையும் திட்டம் வந்த ஊர்களில் சுமார் கால் பங்கு குறைந்திருந்தன. உயரம் சுமார் ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தது. ஒரு சென்டிமீட்டர் என்னங்க பெரிது என்று நினைக்க வேண்டாம். நாற்றங்காலில் வாடிய நாற்று நடவு வயலில் எப்படி நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

இதிலிருந்து பொருளாதார நிபுணர்கள் இன்னொரு பாடமும் எடுத்தார்கள். ஆரம்பப் பள்ளிக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி, எப்படியும் பள்ளிக்குப் போயிருக்கக் கூடிய பிள்ளைக்குப் போனது. அந்தப் பணம் வீட்டுச் சாப்பாட்டுக்கு உதவியது, அது வேறு. ஆனால் படிப்பைக் கூட்ட வேண்டுமானால் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில்தான் பணத்தைக் கொட்ட வேண்டும் என்றார்கள். 2001-ல் அரசாங்கம் பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கும் உதவியை நீட்டியது.

நீங்கள் கேட்கப் போகும் கேள்விகள்

"சார், சும்மா பணம் கொடுத்தா ஆம்பளைங்க குடிச்சுத் தீர்த்துடுவாங்களே?" என்று கேட்பீர்கள். அதையும் அங்கே பார்த்தார்கள். சாராயத்துக்கும் புகையிலைக்கும் செலவு கூடவில்லை. கூடியது காய்கறி, பழம், இறைச்சி, பிள்ளைத் துணி, செருப்பு.

"ஜனங்க சோம்பேறி ஆயிடுவாங்க" என்றார்கள். பெரியவர்கள் வேலைக்குப் போவது குறையவில்லை.

"பணத்துக்காகப் பிள்ளையைப் பெத்துக்கிட்டே போவாங்க" என்றார்கள். மெக்சிகோவில் அதுவும் நடக்கவில்லை. காரணம் எளிது. பிறந்த குழந்தைக்கென்று தனிப் பணம் கிடையாது. மூன்றாம் வகுப்புக்கு வந்தால்தான் உதவி. உணவுத் தொகை குடும்பத்துக்கு ஒன்று. உச்ச வரம்பும் உண்டு. ஆனால் ஹோண்டுராஸ் என்ற பக்கத்துப் பிரதேச நாட்டில் இதுபோன்ற ஒரு திட்டத்தில், குழந்தை கூடினால் பணமும் கூடும்படி விதி இருந்தது. அங்கே பிறப்புக் கொஞ்சம் கூடியது. எந்த விதியை எழுதுகிறோமோ அந்த விதிப்படிதான் விளையும்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. கிடைத்த ஒவ்வொரு பெசோவிலும் 74 காசு சாப்பாட்டுக்கும் வீட்டுச் செலவுக்கும் போயிற்று. மீதி 26 காசைக் குடும்பங்கள் தொழிலில் போட்டிருந்தன என்று பல வருஷம் கழித்து ஓர் ஆய்வு கண்டது. ஆடு வாங்கினார்கள், கோழி வாங்கினார்கள், சின்னக் கைத்தொழில் தொடங்கினார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நிச்சயமாக வரும் என்ற நம்பிக்கை இருந்ததால் அந்தத் துணிச்சல் வந்தது. தொகையின் அளவு ஒரு பங்கு பேசும். சொன்ன நாளில் வருவது இன்னொரு பங்கு பேசும்.

குறைகளும் உண்டு

எந்த ரகமும் எல்லா நோயையும் தாங்காது. இந்தத் திட்டத்துக்கும் குறைகள் இருந்தன.

ஏழை யார், ஏழையல்லாதவர் யார் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்துப் பிரித்தார்கள். அடுத்தடுத்த இரண்டு வீடு. இரண்டும் ஓட்டு வீடு, இரண்டிலும் ஒரே கஞ்சி. ஒருவருக்குக் கிடைக்கிறது, மற்றவருக்கு இல்லை. ஏன் என்று இருவருக்கும் புரியவில்லை. சில ஊர்களில் விடுபட்டவர்கள் ஊர்ப் பொது வேலைக்கு வர மறுத்தார்கள்: "பணம் வாங்கறவங்க போய்ச் செய்யட்டும்." பட்டியலை ஊர்க் கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும் என்று விதி இருந்தது. பல ஊர்களில் அது பெயருக்கு நடந்து முடிந்தது. அதே நேரம் ஒரு நல்லதும் நடந்தது. பணம் கிடைத்த குடும்பங்கள் உறவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கைமாற்றுக் கொடுத்து உதவின. கிடைக்காத வீட்டுப் பிள்ளைகளும் கூட்டாளிகளைப் பார்த்துப் பள்ளிக்குப் போனார்கள்.

அடுத்தது, பக்கத்தில் பள்ளியும் மருத்துவ நிலையமும் இருந்தால்தான் ஓர் ஊரைத் திட்டத்தில் சேர்க்க முடியும். கடமை வைத்தால், அந்தக் கடமையைச் செய்ய இடம் வேண்டுமல்லவா? ஆகவே பள்ளியே எட்டாத மலை உச்சி ஊர்கள் பின்தங்கின. எல்லோரிலும் ஏழையானவர் அவர்தான்.

பெண்களுக்கு வேலைப் பளுவும் கூடியது. கூட்டத்துக்குப் போக வேண்டும், மருத்துவ நிலையத்தில் காத்திருக்க வேண்டும், பணம் வாங்க வேறு ஊருக்கு நடந்து போய் வரிசையில் நிற்க வேண்டும். படிவம் சரியாகப் போகாததால் சேர வேண்டிய பணம் பல நாள் சேராத குடும்பங்களும் இருந்தன.

கடைசியாக ஒன்று. பிள்ளை பள்ளிக்குப் போனது உண்மை. ஆனால் முதல் சில வருஷங்களில் பரீட்சை வைத்துப் பார்த்தபோது, படிப்பின் தரம் கூடியதாகத் தெரியவில்லை. பணம் பிள்ளையை வகுப்பு வாசல் வரை கொண்டுவரும். உள்ளே பாடம் நடத்த நல்ல ஆசிரியர் வேண்டும். தண்ணீரை வாய்க்காலில் விட்டுவிட்டு, மடையைத் திறக்காவிட்டால் வயல் நனையுமா?

திட்டம் என்ன ஆயிற்று?

1997-ல் சுமார் 3 லட்சம் குடும்பங்களோடு தொடங்கியது 2000-ல் 26 லட்சம் அளவுக்கு வளர்ந்தது. பிறகு நகரங்களுக்கும் போயிற்று. ஆட்சி மாறியபோது திட்டத்தை ஒழிக்காமல் பேரை மாற்றினார்கள்: 2002-ல் ஒப்போர்த்துனிதாதெஸ், 2014-ல் புரோஸ்பெரா. 60 லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்திருந்தன. ஆட்சி மாறியும் இரண்டு முறை பிழைத்ததற்கு ஒரு முக்கியக் காரணம், ஒப்பீட்டுத் திடலின் கணக்குப் புத்தகம். பலன் இல்லை என்று சொல்ல யாராலும் முடியவில்லை.

ஆனால் 2019-ல் அது முடிவுக்கு வந்தது. அதற்குப் பதிலாக வேறு படிப்பு உதவித் தொகைகள் வந்தன. மருத்துவப் பரிசோதனைக்குப் போனால்தான் பணம் என்ற கட்டு அவிழ்ந்து போயிற்று. இருபத்திரண்டு வருஷம் ஓடிய திட்டம். அந்தக் காலத்தில் பிள்ளையாக இருந்தவர்கள் இன்று பெரியவர்கள். அவர்களைப் பற்றிய பிந்திய ஆய்வுகள், கூடுதல் வருஷம் படித்ததையும், குறிப்பாகப் பெண்கள் சம்பள வேலைக்குப் போவது கூடியதையும் காட்டுகின்றன.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

திட்டத்தை எழுதுவது அரசாங்கத்தின் வேலை. ஆனால் அந்தக் கணக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் பொருந்தும். நாலு விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று: உங்கள் பிள்ளை பள்ளி மாறப் போகும் வருஷத்தை இப்போதே குறித்து வையுங்கள். ஐந்து முடித்து ஆறு, எட்டு முடித்து ஒன்பது, பத்து முடித்துப் பதினொன்று. படிப்பு நிற்பது இந்த மாதிரி வரப்புகளில்தான். அந்த வருஷத்துக்கு முந்தின அறுவடையிலேயே பஸ் செலவு, புத்தகம், துணி என்று ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள். ஜூன் மாதம் கடன் தேடிப் போனால், "இந்த வருஷம் நிறுத்திக்கலாம்" என்ற பேச்சுத்தான் வரும். ஒரு வருஷம் நின்ற பிள்ளை திரும்பிப் போவது கடினம். அண்ணனும் தங்கையும் ஒரே வருஷம் பள்ளி மாறினால், பணம் பற்றாதபோது யாருடைய படிப்பு நிற்கும் என்று நமக்குத் தெரியும். அந்தத் தங்கைக்குக் கொஞ்சம் கூடவே ஒதுக்குங்கள்.

இரண்டு: பிள்ளைக்கென்று வரும் பணம், எந்த வழியில் வந்தாலும், தாயின் கையில் இருக்கட்டும். வங்கிப் புத்தகம் அவர் பெயரில் இருப்பது மட்டும் போதாது. பணத்தை எடுத்துச் செலவு செய்வதும் அவராகவே இருக்க வேண்டும். பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரே பையில் பத்திரமாக இருக்கட்டும்.

மூன்று: களை எடுப்பு, பருத்தி எடுப்பு, அறுவடை என்று பிள்ளையை நிறுத்துகிறோம். இரண்டு நாள்தானே என்போம். இப்படி நிறுத்திய நாளையெல்லாம் காலண்டரில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். வருஷக் கடைசியில் எண்ணுங்கள். முப்பதைத் தாண்டினால், மெக்சிகோ விவசாயிக்கு உதவி நின்றிருக்கும். நமக்கு எந்தப் பணமும் நிற்காது. பிள்ளையின் படிப்புத்தான் நிற்கும்.

நாலு: உங்கள் ஊரில் ஒரு உதவிப் பட்டியல் படிக்கப்படும்போது, உங்கள் பேர் வந்ததா என்று மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வராதீர்கள். வர வேண்டிய பேர் எது விடுபட்டது என்றும் பாருங்கள். கணவனை இழந்தவர், தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர், ஊர்க் கோடியில் இருக்கிறவர், இவர்கள் பேர்தான் முதலில் விட்டுப் போகும். எழுந்து நின்று சொல்ல நீங்கள் தயங்கினால், அவர் எங்கே போய்ச் சொல்வார்?

மேலுரத்தைப் பயிர் முற்றிய பிறகு இட்டால் வைக்கோல்தான் பச்சையாக இருக்கும், மணி ஏறாது. பிள்ளைக்கும் பருவம் உண்டு. அது தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.